பாதிக் கோட்டை: கூம்புக் கருவிழிக்கு வளையம் வைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியில் ஒரு ஜனவரிக் காலை. அம்மாவும் மகனும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கொழுந்து பறிப்பவர். பாட்டி காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இன்னமும் தோட்டத்து லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள். மகனுக்கு 22 வயது. உட்கார்ந்ததும் அந்த அம்மா பையைத் திறந்து மூன்று கண்ணாடிப் பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"ரெண்டு வருசத்துல மூணு கண்ணாடி மாத்தியாச்சுங்க டாக்டர். கடையில போட்டுப் பாக்கையில நல்லாருக்குங்கறான். ஆறு மாசம் போனா மறுபடியும் மங்கலுங்கறான்."

மூன்றையும் வாங்கி லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். வலது கண்ணின் சிலிண்டர் பவர், அதாவது கண் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பதைத் திருத்தும் பவர், முதல் கண்ணாடியில் 1.5, இரண்டாவதில் 2.75, மூன்றாவதில் 4. இருபது வயதுக்கு மேல் சிலிண்டர் இப்படி ஏறினால் காரணத்தைக் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் ஒளியை உள்ளே விடும் படலத்தில்தான் தேட வேண்டும். எந்த ஸ்கேனும் எடுப்பதற்கு முன்பே அந்த மூன்று பெட்டிகள் பாதி நோயைச் சொல்லிவிட்டன. யாராவது பழைய கண்ணாடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இந்த அம்மா ஒன்றையும் போடாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் அளந்துகொண்டிருக்கும்போது பையன் ஆள்காட்டி விரலின் முட்டியை மடக்கி வலது கண்ணை அழுத்தித் தேய்த்தான். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "சின்னதுலேருந்தே அப்படித்தான் சார், அரிக்கும்" என்றான். டீ ஃபேக்டரியில் சலிக்கும் பகுதியில் வேலை. அங்கே தேயிலைத் தூசி பஞ்சு மாதிரிப் பறக்கும். ஒரு மணி நேரம் நின்றால் புருவமே பழுப்பாகிவிடும்.

ரெட்டினோஸ்கோப் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு அசைத்தேன். சாதாரணக் கண்ணில் அந்தச் சிவப்பு ஒளி ஒரே பட்டையாக நகரும். இவனுடைய வலது கண்ணில் அது இரண்டாகப் பிரிந்து, கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல ஆடியது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தபோது கூம்பின் அடியைச் சுற்றி மெல்லிய பழுப்பு நிற இரும்புக் கோடும் இருந்தது. கெரட்டோகோனஸ். தமிழில் கூம்புக் கருவிழி என்கிறோம். கருவிழி மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்துக்குத் தாங்காமல் முன்பக்கம் கூம்பாகத் தள்ளிக்கொண்டு வரும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும், முப்பதுகள் வரை வளரும். கண்ணைத் தேய்ப்பது இதை முடுக்கிவிடும்.

(நோயாளியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண்ணின் கணக்கில் கை வைக்கவில்லை.)

அளவுகள்

என் கிளினிக்கில் கருவிழி வரைபடம் எடுக்கும் கருவி இல்லை. கோயம்புத்தூருக்கு அனுப்பி எடுத்து வரச் சொன்னேன். வலது கண்ணில் கருவிழியின் தட்டையான வளைவு 46.2 டயாப்டர் (எண் கூடக் கூட வளைவு கூர்மை), செங்குத்தான வளைவு 51.4, சராசரி 48.8. உச்ச வளைவு 56. மிக மெல்லிய இடத்தில் தடிமன் 452 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாதாரணக் கருவிழியின் நடுவே 540 மைக்ரானை ஒட்டி இருக்கும், வளைவு 43, 44 என்று நிற்கும். கண்ணாடி இல்லாமல் பார்வை 6/60 (முழுப் பார்வை 6/6; கீழ் எண் கூடக் கூடப் பார்வை மோசம்). எடுக்கக்கூடிய சிறந்த கண்ணாடி பவரோடு, அதாவது ஸ்பியர் கழித்தல் 2.50, சிலிண்டர் கழித்தல் 4.50 போட்டும், 6/24 தான்.

இடது கண்ணிலும் நோய் இருந்தது, ஆனால் லேசாக. உச்ச வளைவு 49, மெல்லிய இடம் 481 மைக்ரான், கண்ணாடியோடு 6/9. அந்த ஒரு கண்தான் அவனை நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

கடினமான காண்டாக்ட் லென்ஸ், செமி சாஃப்ட் என்று கடைகளில் சொல்வார்களே, அதை வலது கண்ணில் வைத்துச் சோதித்தோம். பார்வை 6/9 வந்தது. இந்த அளவு ரொம்ப முக்கியம். கூம்பான மேற்பரப்பை லென்ஸ் மூடிவிடுகிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிறைந்து மேடுபள்ளம் சமமாகிறது. அப்போது 6/9 வருகிறது என்றால் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, குறை முழுக்கக் கருவிழியின் வடிவத்தில்தான் என்று அர்த்தம். எந்த அறுவைச் சிகிச்சை செய்தாலும் அதற்குமேல் எதிர்பார்ப்பது வீண். பார்வைக்கு அது கூரை.

லென்ஸே போதுமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மூன்று வாரம் போட்டுப் பார்த்தான். தூசி லென்ஸுக்கு அடியில் புகுந்து, "கண்ணுக்குள்ள மணலைப் போட்டாப்புல இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஸ்க்லீரல் லென்ஸ் என்று பெரிய லென்ஸ் இருக்கிறது, தூசிக்கு அது தேவலை. அதன் விலையைக் கேட்டதும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அவன் முதலில் ஃபேக்டரித் தொழிலாளியே இல்லை, டிரைவர். சிறு விவசாயிகளிடம் கொழுந்து எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன். பத்து மாதத்துக்கு முன்பு தானாகவே நிறுத்திவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போயிருக்கிறான். "எதிர்ல வர்ற லைட்டு ஒண்ணு ரெண்டா மூணா தெரியுது சார், வால் முளைச்சாப்புல இழுக்குது. யாரையாச்சும் தட்டிட்டா என்ன பண்றது?" 22 வயசுப் பையன், யாரும் சொல்லாமலே, வருமானத்தை விட்டுவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்திருக்கிறான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அரிப்புக்குச் சொட்டு மருந்து, தேய்க்கவே கூடாது என்ற கண்டிப்பு, ஃபேக்டரியில் பாதுகாப்புக் கண்ணாடி. இவற்றோடு ஆறு மாதம் பார்த்தோம். ஜூலையில் மறுபடி வரைபடம் எடுத்தபோது இரண்டு கண்ணிலும் உச்ச வளைவு ஒரு டயாப்டருக்குமேல் ஏறியிருந்தது. இனிக் காத்திருக்க முடியாது.

வளையம் என்ன செய்கிறது

கருவிழியின் தடிமனுக்குள்ளேயே ஒரு சுரங்கம் போட்டு, அதில் வில் வடிவிலான சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகுவதுதான் இந்தச் சிகிச்சை. முழு வட்டமாக இல்லாவிட்டாலும் வளையம் என்றே சொல்வோம். பலத்த மழையில் தார்ப்பாய்க் கூரை நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும், பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் ஒரு கம்பைச் செருகி இறுக்கினால் நடுத் தொய்வு நிமிர்ந்துவிடும். கருவிழியிலும் அப்படித்தான்: ஓரத்தில் தடிமனைக் கூட்டினால் நடு தட்டையாகும். ஹோசே பராக்கர் வகுத்த தடிமன் விதி இது. இந்த வளையங்கள் முதலில் சாதாரணக் கிட்டப்பார்வைக்காக வந்தவை. கூம்புக் கருவிழிக்கு இவற்றை வைத்த முதல் முடிவுகளை பிரான்சின் ஜோசப் கோலன் 2000-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் 2004-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாகத் தானமாக வந்த கருவிழியிலிருந்தே வில் துண்டை வெட்டி வைக்கும் முறையும் உண்டு. கெய்ர்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட முறை. நம் மாநிலத்தில் பிறந்து உலகம் முழுக்கப் போன வேலை இது, சொல்லும்போதே சந்தோஷமாக இருக்கிறது. தானத் திசு என்பதால் கருவிழியோடு ஒத்துப்போகிறது. பிளாஸ்டிக் மாதிரி மேலே அரித்துக்கொண்டு வெளியே வரும் பயம் குறைவு. ஆனால் திசு நீரை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் துண்டு 200 மைக்ரான் என்றால் கண்ணுக்குள் போன பிறகும் 200 மைக்ரான்தான். இந்தக் கண்ணில் முன்கூட்டிக் கணக்குப் போட விரும்பினோம், கருவிழியும் பிளாஸ்டிக்கைத் தாங்கும் அளவுக்குத் தடிமனாக இருந்தது. அதனால் கோயம்புத்தூரில் அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த நண்பரும் நானும் பேசிப் பிளாஸ்டிக்கையே முடிவு செய்தோம்.

குறிப்பேட்டில் எழுதியது

"பார்வை எவ்வளவு வரும்?" எல்லா வீட்டாரும் கேட்கும் கேள்விதான், அந்த அம்மாவும் கேட்டார். இந்தக் கேள்விக்கு "நல்லா வரும்மா" என்று சொல்லி அனுப்புவது பெரிய தப்பு என்பது என் கருத்து. அறுவைக்கு முன்பு எழுதி வைக்காத கணிப்பு கணிப்பே கிடையாது. பின்னால் வந்த முடிவைப் பார்த்துவிட்டு, இதைத்தானே நினைத்தோம் என்று மனசு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும். அதனால் ஆகஸ்ட் மாதம், அறுவைக்கு நாலு நாள் முன்பு, குறிப்பேட்டில் எழுதி தேதி போட்டேன்.

சராசரி வளைவு 48.8-லிருந்து 46-க்கு வரும். சிலிண்டர் பாதியாகும். கண்ணாடி இல்லாமல் 6/36, கண்ணாடியோடு 6/12. கண்ணாடி கட்டாயம் தேவைப்படும். இடது கண்ணில் வளையம் வைக்கவே கூடாது.

இவற்றை எதை வைத்து எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

முதலாவது, கூம்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. வரைபடத்தில் தெரியும் வடிவங்களுக்கு ஸ்பெயின் மருத்துவர்கள் வாத்து, பனிமனிதன், பிறை வடிவ ரொட்டி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாட்டுப் பெயர்கள் போலத் தெரிந்தாலும் உள்ளே சரக்கு இருக்கிறது. கருவிழியின் தட்டையான அச்சும், ஒளியை வால்நட்சத்திரம்போல இழுக்கும் கோமா என்ற பிழையின் அச்சும் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால் ஒரு துண்டே இரண்டையும் சேர்த்துத் திருத்தும். இரண்டும் வெவ்வேறு திசையில் போனால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். இவனுக்கு அச்சுகளின் வித்தியாசம் 30 பாகைக்குள் இருந்தது. கூம்பு கீழே, வெளிப்பக்கமாக. பிறை வகை. "வால் முளைச்சாப்புல" என்று அவன் சொன்னானே, அதுதான் கோமா. எந்தக் கருவியும் அதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

இரண்டாவது, வளைவின் அளவு. சராசரி 55 டயாப்டரைத் தாண்டிய கண்களில் பலன் நம்பும்படி இருப்பதில்லை. இது 48.8, நோயின் கடுமையை நிலைகளாகப் பிரிக்கும் அம்ஸ்லர்-க்ரூமைக் வகைப்பாட்டில் இரண்டாம் நிலை.

மூன்றாவதுதான் பலருக்கு ஆச்சரியம். அறுவைக்கு முன்பு கண்ணாடியோடு பார்வை எவ்வளவு மோசமோ, அவ்வளவு லாபம். நன்றாகத் தெரியும் கண்ணில் வைத்தால் நஷ்டமே வரலாம். அறுநூறுக்கும் மேற்பட்ட கண்களை வைத்து ஸ்பெயின் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட முழுப் பார்வை இருந்த கண்கள் வளையத்துக்குப் பிறகு எழுத்துப் பலகையில் படிக்க முடிந்த வரிகளில் சிலவற்றை இழந்திருந்தன. மோசமாக இருந்தவைதான் கூடுதலாகப் பெற்றிருந்தன. இதை அம்மாவிடம் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "ரெண்டு கண்ணுலயும் நோய்னா ரெண்டுலயும்தானே வைக்கணும்? ஒரே செலவாப் போயிரும்ல" என்றார். நியாயமான கேள்வி. "அம்மா, இடது கண்ணு 6/9 பாக்குது. அதுல கை வெச்சா இருக்கறதும் போயிரலாம். அது மேல வளராம நிறுத்துனாப் போதும்" என்றேன். மகன்தான் சட்டென்று பிடித்துக்கொண்டான்: "ஓடற வண்டிய ஒர்க்‌ஷாப்ல விடாதீங்கம்மா."

கணினிக்குப் பழைய நோயாளிகளின் அளவுகளைக் கற்றுக்கொடுத்து, வளையம் வைத்தபின் என்ன ஆகும் என்று கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கருவிழியின் வளைவையும் சிலிண்டரையும் அப்படிக் கணித்தது. நல்ல வேலை. ஆனால் கவனியுங்கள், கணித்தது வளைவை. அந்த வளைவை வைத்துக்கொண்டு ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பது அதற்கடுத்த படி. அந்தப் படியில்தான் நான் இடறினேன்.

அறுவையும் மூன்று மாதமும்

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசரால் கருவிழியின் முக்கால் ஆழத்தில் சுரங்கம். 160 பாகை நீளம், 200 மைக்ரான் தடிமன் கொண்ட ஒரே துண்டு. கூம்பு இருக்கும் கீழ்ப்பக்கம். சுரங்கம் போகும் வழியில் கருவிழி எவ்வளவு தடிமனோ அதில் பாதிக்குமேல் துண்டு இருக்கக் கூடாது என்பது விதி. அங்கே 500 மைக்ரானுக்குமேல் இருந்ததால் இடைஞ்சல் இல்லை. சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள், அன்று சாயங்காலமே மலை ஏறிவிட்டான்.

செப்டம்பரில் இடது கண்ணுக்குக் குறுக்குப் பிணைப்புச் சிகிச்சை. ரைபோஃப்ளேவின் சொட்டுவிட்டுப் புற ஊதாக் கதிர் காட்டி, கருவிழியின் கொலாஜன் இழைகளை இறுக்கிக் கட்டுவது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தொடங்கி, 2003-இல் மனிதக் கண்களில் கிடைத்த முடிவுகள் வெளியான முறை. இது பார்வையைக் கூட்டுவதற்காக அல்ல, நோயைப் பிடித்து நிறுத்துவதற்காக. வலது கண்ணுக்கும் இது தேவை. ஆனால் அதை டிசம்பருக்குத் தள்ளினோம். வளையத்தால் வந்தது எது, பிணைப்பால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க அந்த மூன்று மாத இடைவெளி வேண்டியிருந்தது. வளரும் கண்ணில் அப்படிக் காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இடையில் மாதாமாதம் அளந்தோம்.

நவம்பரில், மூன்றாம் மாத முடிவில், வலது கண்: வளைவு 45.0, 47.9. சராசரி 46.45. சிலிண்டர் கருவிழியில் 5.2-லிருந்து 2.9 ஆகியிருந்தது. வளைவுக் கணக்கு ஏறக்குறைய எழுதியபடி. கண்ணாடி இல்லாமல் 6/24. கண்ணாடியோடு 6/9, அந்த வரியில் இரண்டு எழுத்து மட்டும் தப்பு. நான் எழுதியது 6/12. கூரை என்று நான் நினைத்த இடத்தைக் கிட்டத்தட்ட தொட்டுவிட்டான். கோமா நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் குறைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். தேய்ப்பதை அவன் அடியோடு விட்டதும், ஒவ்வாமை அடங்கி கண்ணீர்ப் படலம் சீரானதும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் நின்று, ரோட்டில் வந்த பஸ்ஸின் போர்டைக் கண்ணாடியோடு வலது கண்ணால் மட்டும் படிக்கச் சொன்னேன். "ஊட்டி, வழி கட்டபெட்டு" என்று படித்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் பேனாவை மூடும்போது அவன் எழுந்திருக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். பகல்ல நல்லாருக்கு. பொழுது சாஞ்சா லைட்டைச் சுத்திக் கோட்டை கட்டுது."

மழைக்கு முன்னால் நிலவைச் சுற்றி வட்டம் விழுமே, ஊரில் கோட்டை கட்டுவது என்பார்களே, அதைச் சொல்கிறான். "முழுசா இல்ல சார். பாதிக் கோட்டை. வால் போயிருச்சு, கோட்டை வந்திருக்கு."

அறையின் விளக்குகளை அணைத்து, மங்கலான வெளிச்சத்தில் அவனுடைய கண்மணியின் அகலத்தை அளந்தேன். 6.8 மில்லிமீட்டர். துண்டின் உள் ஓரம் இருக்கும் வட்டம் 5 மில்லிமீட்டர். பகலில் கண்மணி சுருங்கி அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இருட்டினால் விரிந்து துண்டின் ஓரத்தைத் தாண்டுகிறது. ஓரத்தில் படும் ஒளி சிதறுகிறது. துண்டு கீழ்ப்பக்கம் மட்டும் இருப்பதால் கோட்டையும் பாதிதான். நவம்பரில் கோத்தகிரி மலையில் நாலரை மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். கொழுந்து வண்டி தோட்டம் தோட்டமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குத் திரும்புவது சரியாக அந்த நேரத்தில். பனியில் எதிர் வண்டியின் லைட் ஏற்கெனவே பஞ்சாகப் படரும், அதன்மேல் இந்தக் கோட்டை.

இதை நான் எழுதவில்லை. ஆறு மாதத்தில் எத்தனை தடவை அளந்தேன். வளைவு, தடிமன், அச்சு, எழுத்து வரி எல்லாம் அளந்தேன். அவன் டிரைவர் என்று தெரியும், மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறான் என்றும் தெரியும். எத்தனை மணிக்கு ஓட்டுவாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கண்மணியை இருட்டில் அளக்க இரண்டு நிமிடம் போதும். அளந்திருந்தால் 6 மில்லிமீட்டர் வட்டத்தில் வைக்கும் துண்டைப் பற்றிப் பேசியிருக்கலாம். அதில் கோட்டை குறையும், ஆனால் வளைவும் குறைவாகத்தான் தட்டையாகும். 6/9 வந்திருக்காது, 6/12-உம் சந்தேகம். எது வேண்டும் என்று அவன் தேர்ந்தெடுத்திருப்பான். அந்தத் தேர்வை அவனிடம் நான் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதை அவனிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "இதை எடுத்துட்டு வேற வெக்க முடியுமா சார்?" என்று கேட்டான். முடியும், இந்தச் சிகிச்சையின் பெரிய நல்ல குணமே அதுதான். துண்டை எடுத்தால் கருவிழி ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் இப்போது வந்திருக்கும் பார்வையும் அதோடு போகும் என்றேன். "அப்ப வேணாம் சார்" என்றான். இருட்டில் கண்மணி ரொம்ப விரியாமல் கொஞ்சம் பிடித்துவைக்கும் பிரிமோனிடின் சொட்டை மாலையில் மட்டும் போடக் கொடுத்தேன். கோட்டை மெலிந்தது, மறையவில்லை. தேவையானால் பின்னால் துண்டை மாற்றலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

டிசம்பரில் வலது கண்ணுக்கும் குறுக்குப் பிணைப்பு முடிந்தது. பிப்ரவரியில் ஆறாம் மாதம் அளந்தபோது இரண்டு கண்ணிலும் வளைவு ஏறவில்லை, இடது கண் அதே 6/9. அந்தத் தடவை அவன் தங்கச்சியையும் கூட்டி வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நான் கேட்பதற்கு முன்பே அவனே சொன்னான்: "இவளும் தேய்க்கறா சார்." அவள் கருவிழியின் முன்பக்கம் சரியாக இருக்கிறது, பின்பக்கத்தில் ஓரிடம் மட்டும் லேசாகச் சந்தேகப்படும்படி. அரிப்புக்குச் சொட்டு மருந்து கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரைபடம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேய்க்கக் கை போனால் அண்ணன் தட்டிவிடுவானாம்.

அவன் இப்போது ஃபேக்டரியில் தூசிக்குள் நிற்பதில்லை. காலையிலும் மதியமும் கொழுந்து வண்டியை ஓட்டுகிறான். மாலை நடையை இன்னமும் வேறு டிரைவர்தான் எடுக்கிறார்.